ஆள் தேடும் விளையாட்டு

பூரணி அந்தக் கதையை மூன்றாவதாகத்தான் சொன்னாள். முதல் இரண்டையும் சொல்லி முடிக்கும்வரை, அதைச் சொல்வதா விடுவதா என்று அவளுக்கே ஒரு முடிவு இருக்கவில்லை.

சொன்ன இடம் ஓர்ஸ் ஹில்லில் 'இணைகரை' என்ற நிறுவனத்தின் அலுவலகம். சுனாமிக் கடல்கோள் வந்து எட்டொன்பது மாதம் ஆகியிருந்த நேரம் அது. போர்நிறுத்தம் காகிதத்திலாவது உயிரோடு இருந்தது. திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெயர்ப்பலகையும் கொடி கட்டிய வாகனமும் கண்ணில் படும். இணைகரை மாவட்டத்துப் பாடசாலைகளுக்குக் கணினிகள் கொடுத்திருந்தது. கொடுத்த பிறகுதான், அவற்றில் பிள்ளைகள் பார்ப்பதற்குத் தமிழில் ஒன்றுமே இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. அதனால் ஒரு கதை விளையாட்டுச் செய்விக்க நினைத்தார்கள். படமோ சத்தமோ கிடையாது. திரையில் கதை எழுத்தாக வரும். ஓரிடத்தில் நின்று, 'இனி நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும். வாசிப்பவர் எந்த வழியைத் தெரிவுசெய்கிறாரோ அந்த வழியில் கதை போகும். கதை யோசனை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

பூரணிக்கு முப்பத்தாறு வயது. லிங்கநகரில் தனியாக இருந்தாள். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் ஆறு கணினிகள் உள்ள ஒரு சின்ன நிலையத்தில் படிப்பித்தாள். பத்திரிகைகளின் வாரப் பக்கங்களில் அவளுடைய கதைகள் ஏழெட்டு வந்திருந்தன. வாசித்ததாக ஒருவரும் சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன், கொழும்பிலிருந்து வந்த பழைய கணினி ஒன்றுக்குள் எழுத்தாலேயே ஆன ஆங்கில விளையாட்டு ஒன்று கிடந்தது. அதோடு அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள். ஆகவே அறிவித்தலைப் பார்த்ததும், தனக்கென்றே போட்டது என்று நினைத்துக்கொண்டு போனாள்.

திட்ட அலுவலர் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. ஒருவர் பேசும்போது இடையில் புகாமல் கேட்கத் தெரிந்த மனிதர். பின்னாளில் அவளுக்கு ஆறாமல் கிடந்ததும் அதுதான். வெறும் முரடனாக இருந்திருந்தால் அவரிடம் அவள் அவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள்.

முதலில் கோட்டைக்குள் திரிகிற மான் ஒன்று வழிதவறிக் கடைத்தெருவுக்கு வருகிற கதையைச் சொன்னாள். "நல்லது. சின்னப் பிள்ளையளுக்குப் பிடிக்கும்," என்றார். அடுத்தது, மூதூருக்குப் போகிற லோஞ்ச் நடுக்கடலில் நின்றுவிடுகிற கதை. உள்ளே இருப்பவர்கள் பல மாதிரி. யாருடைய சொல்லைக் கேட்பது என்று வாசிப்பவர் தீர்மானிக்க வேண்டும். அதை அவர் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்டு இருக்கெண்டு சொன்னீங்கள்?"

"இருக்கு. பிள்ளையளுக்குச் சரிவருமோ தெரியாது."

"சொல்லுங்கோ பாப்பம்."

"ஒரு அம்மா. மகன் கடைக்குப் போனவன், வரேல்ல. அவ தேடி வெளிக்கிடுறா. எங்க போறதெண்டு வாசிக்கிற ஆள்தான் சொல்ல வேணும். சந்தியில நிக்கிற ஆமிச் சென்றியில போய்க் கேட்டா பொலிசுக்குப் போகச் சொல்லுவினம். பொலிசில ஆமிக் காம்புக்கு. காம்பில ஊர் விதானையாரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுவினம். கடிதத்தோட போனா, அண்டைக்கு நிண்ட ஆள் மாறியிருப்பார். சாத்திரம் கேக்கவும் போகலாம். எங்க போனாலும் இன்னொரு இடத்தைக் காட்டுவினம்."

தவராசா பேனையை வைத்துவிட்டார். "உங்கட வீட்டிலயும் ஆரும்...?"

"தம்பி. தொண்ணூறாம் ஆண்டு. அம்மா தேடித் தேடியே செத்தவ."

பிறகு அவர் சொன்னார்: "இதுதான் வேணும், பூரணி. மற்ற ரெண்டையும் ஆரும் எழுதலாம். இதை நீங்கள்தான் எழுத ஏலும்."

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் அவள். எழுதுகிற எந்த மனிசிக்கும் அது போதும்.

மூன்று மாதத்தில் எழுதி முடித்தாள். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க, லைலா தட்டச்சுச் செய்து ஒன்றோடொன்று தொடுத்தாள். லைலா கிண்ணியாப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. நிலையத்தில் பூரணிக்கு உதவியாக இருந்தாள். தினமும் துறையடியில் பாதை ஏறி வந்து போவாள். ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கிற மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். எந்த வழி எந்தப் பக்கத்தில் போய் முடிகிறது என்று ஒரு கொப்பி நிறையக் கோடு கீறி வைத்திருந்தாள். மொத்தம் இருபத்தேழு முடிவுகள். ஒன்றிலும் மகன் கிடைப்பதில்லை. கிடைத்தால் அது பொய்க்கதை என்பது பூரணியின் எண்ணம்.

இனி ஆட்களிடம் கொடுத்து வாசிக்க வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடி அலைந்த பன்னிரண்டு பேரையாவது கேட்கச் சொன்னார் தவராசா. அதற்கு ஒரு படிவமும் தந்தார். பூரணி அதை நிலையத்துக்குக் கொண்டுவந்து லைலாவிடம் காட்டினாள். லைலா இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"பேர், விலாசம், ஐடென்டிட்டி நம்பர், காணாமப் போனது யாரு, எப்ப, எங்க வச்சி, கொண்டு போனது யாரு, கையெழுத்து," என்று வாசித்தாள். "கதை எப்பிடி இரிக்கிண்டு சொல்றதுக்கு அடியில ரெண்டே ரெண்டு வரி. மத்ததெல்லாம் ஆளைப் பத்தி. இது பொலிசுல என்ட்ரி போடுற மாதிரி இரிக்கி டீச்சர்."

"நிறுவனத்து முறை அப்பிடி."

"பேர் எழுத வேணாம் டீச்சர். ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போடுவம்."

பூரணிக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாள் தவராசாவிடம் போய்க் கேட்டாள். அவர் கோபிக்கவில்லை.

"எனக்கு விளங்குது. ஆனா பேரில்லாமல் குடுத்தால், நாங்களே இருந்து எழுதினதெண்டு மேலிடத்தில நினைப்பினம். திட்டம் நிண்டுபோகும். இதெல்லாம் இரும்பு அலுமாரிக்குள்ள பூட்டி இருக்கும். திறப்பு என்னட்ட மட்டும்தான்."

திட்டம் நின்றுபோகும் என்ற சொல்லில் அவள் மடங்கிவிட்டாள். தன் கதை மாவட்டம் முழுக்க ஓடும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவள். திரும்பி வந்து, "பேரோடதான் குடுக்க வேணுமாம்," என்று மட்டும் லைலாவிடம் சொன்னாள். லைலா படிவங்களை எண்ணி அடுக்கி வைத்தாள்.

வகுப்பு இல்லாத பின்னேரங்களில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தது குணமணி. லிங்கநகரில் பூரணியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள், ஐம்பத்தைந்து தாண்டியவள். மூத்த மகன் தொண்ணூற்றேழில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன். இளையவன் குலசிங்கம் சைக்கிள் கடையில் வேலை செய்தான்.

குணமணிக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'மகன் இன்னும் வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்ற இடத்தில் மூன்று வழிகள் இருந்தன: சென்றிக்குப் போவது, அயலில் விசாரிப்பது, காத்திருப்பது.

"இதில ஒண்டு குறையுது, பிள்ளை," என்றாள்.

"என்னக்கா?"

"சட்டை மாத்துறது. வீட்டுச் சட்டையோட சென்றிக்குப் போகேலாது. நல்லதா உடுத்தா, என்ன அலங்காரமெண்டு கேப்பாங்கள். பழசோட போனா விரட்டுவாங்கள். நான் சீலை எடுக்கிறதும் வைக்கிறதுமா அரை மணித்தியாலம் நிண்டனான். அதுக்குள்ள வண்டி வெளிக்கிட்டுட்டுது."

பூரணி அதை எழுதிக்கொண்டாள். எழுதும்போதே, இது எவ்வளவு நல்ல இடம் என்று ஒரு சந்தோசம் உள்ளே ஓடியது. அந்தச் சந்தோசத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவேயில்லை.

படிவத்தையும் அவளே நிரப்பினாள். 'கொண்டு போனது யார்' என்ற கட்டத்தில், குணமணி சொன்னபடி முகாமின் பெயரையும், அன்று வண்டியில் நின்ற ஒருவனுக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயரையும் எழுதினாள். குணமணி கையெழுத்து வைத்தாள்.

இலங்கைத்துறையிலிருந்து நகரத்து உறவு வீட்டுக்கு வந்திருந்த சீதேவி, புருசனைத் தேடியவள். "தனியப் போற மாதிரி எழுதியிருக்கிறீங்கள். தனியப் போகேலாது. ஆரையும் கூட்டிக்கொண்டு போனா, அவைக்கும் ஒரு நாள் கூலி போகும். ரெண்டு தரம் வருவினம், மூண்டாம் தரம் தலையிடி எண்டுவினம்," என்றாள். அதையும் சேர்த்தாள்.

மைமூனா மூதூரிலிருந்து லோஞ்சில் வந்தாள். கணவன் அபூதாஹிர் வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. கடகடவென்று வாசித்தாள், நாலைந்து வழியில் போய்ப் பார்த்துவிட்டு மௌஸைத் தள்ளி வைத்தாள்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா எல்லா வழியும் ஆமிக் காம்புக்குத்தானே போவுது. என்ட மாப்பிளையக் கொண்டு போனது ஆமி இல்ல. நான் எந்த வழியால போற?"

இருபத்தேழு முடிவுகள் எழுதியவளுக்கு அந்த ஒன்று தோன்றவேயில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்று அன்று முழுக்க யோசித்தாள். அடுத்த வாரம், ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கத்தின் அலுவலக வாசலுக்குப் போகிற வழியையும் எழுதினாள். அங்கும் ஒரு மரவாங்கில் உட்காரச் சொல்வார்கள், பொறுப்பாளர் வெளியே போயிருப்பார், அடுத்த கிழமை வரச் சொல்வார்கள். மைமூனா திரும்ப வந்து வாசித்துவிட்டு, "ஓம், இப்பிடித்தான்," என்றாள். அவளுடைய படிவத்தில் எழுதியதும் பூரணிதான்.

குணமணி இரண்டாம் தரமும் வந்தாள், கூப்பிடாமலே வந்தாள்.

"எத்தினை முடிவு இருக்கெண்டாய்?"

"இப்ப முப்பத்தொண்டு."

"ஒண்டிலயும் அவன் வரமாட்டானோ?"

"வந்தா அது பொய்யாப் போயிடுமக்கா."

குணமணி சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "மற்றதெல்லாம் நான் நடந்து முடிச்சதுதானே. அதைத் திரும்பப் பாக்க எனக்கு என்னத்துக்கு உன்ர கொம்பியூட்டர்? நடக்காத ஒண்டைக் காட்டேலாதெண்டால், இது என்ன விளையாட்டு?"

பூரணி வீட்டுக்குப் போய், மகன் திரும்பி வருகிற ஒரு வழியை எழுதினாள். படலை திறக்கிற சத்தம், மெலிந்த கால்கள், 'சோறு இருக்கோ?' என்ற கேள்வி. அதற்குப் பிறகு தாய் என்ன கேட்பாள் என்பதற்கு மூன்று தெரிவுகள். குணமணி வந்து அந்த இடம்வரைக்கும் வாசித்தாள். மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றையும் அழுத்தவில்லை.

"இவ்வளவும் காணும். மூடு," என்று எழுந்து போனாள்.

மாசி மாதம் இணைகரையில் கூட்டம். கொழும்பிலிருந்து பணிப்பாளரும், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தவராசா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, லைலா திரையில் ஒவ்வொரு வழியாகக் காட்டினாள். வந்தவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். பூரணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தேநீர் குடித்த பிறகு தவராசா அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனா பள்ளிக்கூடத்துக்குப் பாரம் கூடிப்போச்செண்டு நினைக்கினம். அனுமதியும் கிடைக்காது. கொஞ்சம் மாத்தினால் சரி."

"என்ன மாத்தவேணும்?"

"அம்மாவுக்குப் பதிலா ஒரு சின்னப் பிள்ளை. காணாமப் போறது..." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு ஆட்டுக்குட்டியா இருக்கட்டும். காம்பு, சென்றி எல்லாம் வேண்டாம். கோயில், பள்ளிவாசல், விகாரை எண்டு போய்க் கேக்கட்டும். எல்லாரும் உதவி செய்வினம். எந்த வழியால போனாலும் கடைசியில ஆடு கிடைக்க வேணும்."

"ஆடோ?"

"பூரணி, விளங்கிக்கொள்ளுங்கோ. அமைப்பு உங்கடதுதானே. பேரும் போடுவம்."

"அப்ப பன்னிரண்டு பேரிட்டக் கேட்டது?"

"அது வீண் போகாது. அறிக்கையில வருது. பன்னிரண்டு குடும்பங்களின்ர குரல் எண்டு ஒரு பின்னிணைப்பே போடப் போறம்."

"பேரோடயோ?"

"இல்லையில்லை. அச்சில பேர் வராது. பேருள்ள படிவங்கள் கொழும்பு அலுவலகத்துக்கு மட்டும் வேணுமெண்டவை. போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பியாச்சு."

இரும்பு அலுமாரியும் திறப்பும் என்னவாயிற்று என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆடு என்ற சொல்லிலேயே அவள் மனம் சிக்கிக் கிடந்தது. தன் கதை போனதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.

ஆட்டுக்கதையை அவள் எழுத மறுத்துவிட்டாள். கொழும்பில் யாரோ எழுதினார்கள். பங்குனியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடா வெட்டி அதை வெளியிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு தரம் விளையாடினார்கள். ஆடு எப்படியும் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் கணினியை விட்டுவிட்டுப் பந்தடிக்க ஓடினார்கள். முன்பக்கத்தில் பூரணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

சித்திரையில் சந்தையில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள், சமாதானம் அதோடு சரி. ஒவ்வொரு நிறுவனமாகப் பெயர்ப்பலகையைக் கழற்றியது. இணைகரை வைகாசியில் மூடியது. தவராசா போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் அழைத்து, "கவனமா இருங்கோ," என்றார். படிவங்களைப் பற்றி அவள் கேட்டாள். "எல்லாம் பத்திரமா இருக்கு," என்றார். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை, எட்டு மணி இருக்கும். குணமணி வீட்டுக்கு ஒரு வண்டி வந்தது. வந்தவர்கள் குணமணியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லி, சரியா என்று கேட்டார்கள். ஒரு தாளை நீட்டி, இது நீ வைத்த கையெழுத்தா என்றார்கள். அவள் ஓம் என்றாள். வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற குலசிங்கத்தை, விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தாள் யார் கையால் போனது என்று இன்றுவரை தெரியாது. கொழும்பில் யாரும் கொடுத்தார்களோ, மூடிய கட்டடத்தில் குப்பையாகக் கிடந்ததை எடுத்தார்களோ.

சேதி கேட்டதும் பூரணி ஓடினாள். குணமணி ஏற்கெனவே சீலை மாற்றி, மகனின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், முன்பே வாங்கி வைத்திருந்த விதானையார் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு படலையில் நின்றாள். ஒன்பது வருடத்துக்கு முன் அரை மணித்தியாலம் தடுமாறியவள், இந்த முறை பத்து நிமிசத்தில் ஆயத்தம்.

"நானும் வாறனக்கா."

குணமணி பையை இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

முகாம் வாசலில் மதியம்வரை நிறுத்தி வைத்தார்கள். பிறகு பூரணி தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயிடம், அந்தத் தாளை எழுதியது தான்தான் என்று சொன்னாள். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம் ஆள். சிங்களத்தில் கேட்டார்; சிப்பாய் தமிழில் சொன்னான்.

"இதில இருக்கிறது உங்கட எழுத்தா எண்டு கேக்குறார்."

"ஓம். எழுதினது நான். அவவுக்குச் சரியா எழுத வராது. இது ஒரு கதைக்காகக் கேட்டது. கொம்பியூட்டர் விளையாட்டு. பிள்ளையளுக்கு. இது உண்மையா முறைப்பாடு குடுத்ததில்லை."

அதிகாரி தாளை மறுபடி பார்த்தார். அதட்டவில்லை. உண்மையாகவே விளங்காதவர் மாதிரிக் கேட்டார்.

"கதை எண்டால் ஐடென்டிட்டி நம்பர் எதுக்கு எண்டு கேக்குறார்."

பூரணி தவராசாவின் பெயரைச் சொன்னாள்; அவர் இப்போது எங்கே என்றார்கள். தெரியாது என்றாள். நிறுவனம் எங்கே என்றார்கள். மூடிவிட்டது என்றாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது கட்டுக்கதையாகக் கேட்டது. அவளுடைய பெயரையும் இலக்கத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் வந்து கையெழுத்து வைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

குலசிங்கத்தைப் பதினோராம் நாள் விட்டார்கள். வலது காது கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று தாயிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குள் மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் பூரணி குணமணியின் வீட்டுப் படியேறினாள். குணமணி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை. பூரணி நின்றபடியே அழுதாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. பேர் எழுதவேண்டாமெண்டு லைலாகூடச் சொன்னவள். நான்தான்..."

குணமணி கத்தியை வைத்தாள். "நீ எழுதினதால வந்தாங்களோ, எழுதாட்டிலும் வந்திருப்பாங்களோ, அது கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, நீ கேட்டாய், நான் சொன்னனான். ஒன்பது வருசத்தில ஒருத்தரும் அப்பிடி இருத்தி வைச்சுக் கேக்கேல்ல. அதில மயங்கிப்போனன்."

"அக்கா..."

"என்னட்ட வந்து அழுது என்ன காணப்போறாய்? மற்றப் பதினொரு பேருக்கும் சொன்னியோ?"

பூரணிக்கு அழுகை நின்றுவிட்டது. அவள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை நாளும் தன் குற்றத்தைப் பற்றித்தான் நினைத்தாளே தவிர, அந்தப் பதினொரு பேரை நினைக்கவேயில்லை.

அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். லைலாவும் கூட வந்தாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் ஒரு தரமாவது சொல்லமாட்டாளா என்று பூரணிக்கு ஏக்கமாகக்கூட இருந்தது; அவள் சொல்லவேயில்லை. உங்கள் பெயரும் நீங்கள் சொன்னதும் வெளியே போயிருக்கிறது, வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் கொஞ்சக் காலம் எங்காவது அனுப்பி வையுங்கள்: வாசலில் நின்று இவ்வளவையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தாள். மற்றொருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கதை எங்க? என்ர மகளுக்கும் காட்டவேணும் எண்டு இருந்தனான்," என்றாள். ஆட்டைப் பற்றி அவளிடம் சொல்லப் பூரணிக்கு வாய் வரவில்லை.

ஆடி நடுப்பகுதியில் லோஞ்சில் மூதூருக்குப் போனாள். மைமூனா வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே விடவில்லை.

"தெரியும் டீச்சர். வந்துட்டுப் போய்ட்டாங்க. ரெண்டு பேர், மோட்டர் சைக்கிள்ல. நான் சொன்ன கதைய எனக்கே திருப்பிச் சொன்னாங்க. இனி இப்பிடிக் கதைக்கப்படாதாம்."

"ஆமியோ?"

மைமூனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்தவங்க உங்கட ஆக்கள்ட தமிழ்ப் பேச்சில கதைச்சாங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சீதேவி ஒருத்திதான் மிச்சம். அவள் இலங்கைத்துறைக்குத் திரும்பிப் போயிருந்தாள். மூதூரிலிருந்து அந்தப் பக்கத்துக்கு அன்று பஸ் ஓடவில்லை. இரண்டு நாளாக ஓடவில்லை என்றார்கள். பூரணி சந்தியில் நின்று அந்தப் பக்கம் போகிறவர்களை விசாரித்தாள். நெல் மூட்டை ஏற்றிய உழவுயந்திரம் ஒன்று வெருகல் பக்கம் போக நின்றது. ஓட்டுகிறவரிடம் சீதேவியின் பெயரைச் சொன்னாள். காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் அவர். பேனையைக் கையில் எடுத்தவள் மூடிவிட்டாள்.

"எழுத வேண்டாம் அண்ணை. வாயால சொல்லுங்கோ. திருகோணமலையில கதை கேட்ட டீச்சர் சொன்னவ, அந்தப் பேப்பர் வெளியில போயிட்டுதாம், கவனமா இருக்கட்டாம் எண்டு."

"எந்தப் பேப்பர்?"

"சொன்னா அவவுக்கு விளங்கும்."

அவர் ஓமென்று தலையாட்டிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினார். இரண்டு கிழமையில் சண்டை மூண்டது. மூதூர்ச் சனம் முழுக்கக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. மார்கழியில், இலங்கைத்துறை உள்ள ஈச்சிலம்பற்றுப் பகுதிச் சனம் வெருகலைத் தாண்டி வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போய்க் கூடாரங்களில் விழுந்தது. அங்கிருந்து வந்தவர்களைக் காணும்போதெல்லாம் பூரணி, சீதேவி என்று ஒருத்தியைக் கண்டீர்களா என்று கேட்டாள். எத்தனையோ சீதேவிகளைச் சொன்னார்கள். எவளும் அவள் தேடியவள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, வருகிற வழியில் பஸ் நிலையத்தில் இறங்கி, அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.